பில்பாவோ நகர் நடுவே ஒரு பாஸ்க் மதியச் சாப்பாடு

கேட்டவர் எழுதியதன் சுருக்கம் இது: வட ஸ்பெயினில் பாஸ்க் மக்கள் வாழும் பகுதியில் இருக்கும் பில்பாவோ நகருக்கு அலுவலக வேலையாக மூன்று நாள் போகிறார், மனைவியும் உடன் வருகிறார். நகர் மையத்தில் பழைய பாணி பாஸ்க் உணவகம் ஒன்றில் ஒரு வேளையாவது உட்கார்ந்து சாப்பிட ஆசை. அவருக்கு மாட்டிறைச்சி ஆகாது, மனைவி சைவம். எப்போது போவது, என்ன கேட்பது?

ஒரு வேளைதான் என்றால் அது மதியமாக இருக்கட்டும். இரண்டு மணிக்கு மேசை சொல்லி வையுங்கள், காட் மீன் கேளுங்கள், மாலை நாலரை வரை வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். மீதி எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

நான் அந்த ஊரில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். முதல் வருடம் முழுக்க மதுக்கடை முகப்பில் நின்றபடி பின்ச்சோ தின்றுவிட்டு, பாஸ்க் சாப்பாடு என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ரொட்டித் துண்டின் மேல் எதையாவது வைத்துக் குச்சி செருகிய சின்னத் தீனிதான் பின்ச்சோ. நன்றாகத்தான் இருக்கும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது வயிற்றை ஆறப்போட ஒரு வாய். அந்த மக்கள் சாப்பாடு என்று சொல்வது மதியம் மேசைத் துணி விரித்து, குடும்பமாக உட்கார்ந்து, இரண்டு மூன்று மணி நேரம் சாப்பிடுவதை. உடன் வேலை செய்த ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டாரோடு என்னையும் அப்படி அழைத்துப் போனார். அன்றைக்குத்தான் இந்த ஊர்ச் சமையல் எனக்குப் பிடிபட ஆரம்பித்தது.

பழைய நகரத்துக்கு ஸ்பானிய மொழியில் காஸ்கோ வியெஹோ என்று பெயர். 1300இல் தியேகோ லோபெஸ் தே ஆரோ என்ற பிரபு நகரச் சாசனம் கொடுத்தபோது நெர்வியோன் ஆற்றங்கரையில் மூன்றே தெருக்கள்தான் இருந்தன. பிறகு அவை ஏழாகப் பெருகின. அதனால் பாஸ்க் மொழியில் இன்றும் சஸ்பி காலேயாக், அதாவது ஏழு தெரு என்றுதான் சொல்கிறார்கள். தெருப் பெயர்களிலேயே தொழில் இருக்கிறது: தெந்தெரியா கடைத்தெரு, கார்னிசெரியா வியெஹா பழைய இறைச்சிக்கடைத் தெரு. ஆற்றோரம் 1929இல் கட்டிய ரிபேரா சந்தை இருக்கிறது. சாப்பிடப் போகும் முன் அரை மணி நேரம் அங்கே மீன் பகுதியைச் சுற்றி வாருங்கள். பெயர் தெரியாவிட்டாலும் மீனை ஒருமுறை பார்த்துவிட்டால் மெனு பாதி புரிந்துவிடும். போகிற வழியில் சில சுவர்களில் ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு கோடும் தேதியும் பொறித்திருப்பதைக் காணலாம். 1983 ஆகஸ்ட் 26 அன்று, ஊர்த் திருவிழா நடந்துகொண்டிருந்த வாரத்தில், வெள்ளம் அந்த உயரம் வரை வந்தது. கடைகளும் சாப்பாட்டு வீடுகளும் சேற்றுக்குள் போய், கழுவி எடுத்து மறுபடி திறந்தவை.

சாப்பாட்டு வீடு என்று சொன்னது சும்மா இல்லை. பெயர்ப்பலகையில் ஸ்பானிய வார்த்தைக்குப் பக்கத்தில் ‘ஜாதெச்சேயா’ என்று எழுதியிருக்கும். சாப்பிடு என்பதற்கான சொல்லும் வீடு என்பதற்கான சொல்லும் சேர்ந்ததுதான் அது. மெனுவைப் படிக்க இன்னொரு சின்ன உதவி: டி, எக்ஸ் இரண்டு எழுத்தும் சேர்ந்து வந்தால் ‘பச்சை’யில் வரும் ச்ச ஒலி. இது தெரிந்தாலே வாய் திக்காமல் பல பெயர்களைச் சொல்லிவிடலாம்.

எந்த உணவகம் என்று ஒரு பெயரைச் சொல்வதைவிட, பார்த்ததும் கண்டுபிடிக்கும் வழியைச் சொல்வதே உங்களுக்கு உதவும். வாசலில் சாப்பாட்டுப் படங்கள் ஒட்டி, பயேயா சோற்றுக்குப் பெரிய பலகை வைத்திருந்தால் தாண்டிப் போய்விடுங்கள். பயேயா வலென்சியா பக்கத்துச் சாப்பாடு, இந்த ஊர்க்காரர்களுக்காக அந்தப் பலகை வைக்கப்படவில்லை. மெனு நீளமாக இருக்கக் கூடாது. காட் மீன் மட்டும் இரண்டு மூன்று விதமாக எழுதியிருக்க வேண்டும். மதியம் இரண்டரை மணிக்கு உள்ளே எட்டிப் பாருங்கள். அறுபது, எழுபது வயதுக்காரர்கள் கூட்டமாக உட்கார்ந்து சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தால் நம்பி நுழையலாம். சந்து குறுகல், வாசலில் கையில் கோப்பையோடு கூட்டம் நிற்கும், இடித்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டியிருக்கும். சாப்பாட்டு அறை பெரும்பாலும் பின்பக்கமோ மாடியிலோ இருக்கும். கதவு மூடியதும் தெரு இரைச்சல் அடங்கிவிடும்.

சரி, ஏன் காட் மீன்? கடற்கரை ஊரில் போய் உப்புப் போட்டு உலர்த்திய மீனைத் தின்பானேன் என்று எனக்கும் முதலில் தோன்றியது. பாஸ்க் மாலுமிகள் 16ஆம் நூற்றாண்டிலேயே திமிங்கிலத்துக்கும் காட் மீனுக்குமாக அட்லாண்டிக்கைக் கடந்து இன்றைய கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடார் கரை வரை போனவர்கள். லாப்ரடாரில் ரெட் பே என்ற இடத்தில் அவர்களுடைய திமிங்கில நிலையத்தின் மிச்சங்கள் இன்று உலகப் பாரம்பரியச் சின்னம். கத்தோலிக்க நாட்டில் வெள்ளிக்கிழமையும் தவக்காலமும் இறைச்சி கூடாது, கடல் இல்லாத உள்நாட்டுக்குக் கெடாத மீன் வேண்டும். அந்த வியாபாரத்தின் வாசல்களில் ஒன்று பில்பாவோ.

ஊரில் ஒரு கதையும் உண்டு. குர்துபாய் என்ற வணிகர் ‘100 அல்லது 120’ காட் மீன் அனுப்பச் சொல்லி எழுதினாராம். ஸ்பானிய மொழியில் ‘அல்லது’ என்பதற்கு ஒற்றை ‘ஓ’ எழுத்துதான். அதைப் பூஜ்யமாகப் படித்துவிட்டு 10,00,120 மீன் அனுப்பிவிட்டார்களாம். 1830களில் ஸ்பெயின் அரியணைக்காக நடந்த கார்லிஸ்ட் உள்நாட்டுப் போர் வந்து நகரம் முற்றுகைக்கு உள்ளானபோது, அந்த மீன்தான் ஊரைக் காப்பாற்றி அவரையும் பணக்காரர் ஆக்கியது என்பார்கள். நடந்ததோ இல்லையோ, மேசையில் இந்தக் கதையைச் சொல்லாத பில்பாவோக்காரரை நான் பார்த்ததில்லை.

நம் கருவாட்டை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். கருவாட்டில் உப்பும் வாடையும்தான் ருசி, அதற்காகத்தான் அதைத் தேடுகிறோம். இங்கே ஒன்றரை, இரண்டு நாள் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை இறக்கிவிடுகிறார்கள். மீன் பழையபடி பருத்து வெள்ளையாகிறது. ஆனால் பச்சை மீனுக்கு இல்லாத ஓர் இறுக்கம் அதில் தங்கிவிடுகிறது. கரண்டி பட்டால் இதழ் இதழாகப் பிரியும். அந்த இதழ்கள்தான் இந்த மீனின் பெருமை.

அதை வைத்துச் செய்வதில் முதலில் கேட்க வேண்டியது பில்-பில். சேருவது நாலே பொருள்: மீன், ஆலிவ் எண்ணெய், பூண்டு, ஒரு காய்ந்த மிளகாய். பூண்டையும் மிளகாயையும் எண்ணெயில் பொரித்து எடுத்துவிடுவார்கள். எண்ணெய்ச் சூட்டைத் தணித்து, தோலோடு உள்ள மீன் துண்டுகளை அதில் வைப்பார்கள். பொரியக் கூடாது, வெதுவெதுப்பில் வேக வேண்டும். தோலிலிருந்து பசை போன்ற வெள்ளைத் துளிகள் இறங்கும், அது ஜெலட்டின். அப்புறம் மண்சட்டியை இரண்டு கையாலும் பிடித்து வட்டமாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணெயும் மீன்சாறும் கொஞ்சம் கொஞ்சமாக ஒன்றாகிக் கெட்டியான, தந்த நிறக் குழம்பாக மாறும். மாவு, முட்டை, பால் எதுவும் கிடையாது. சூடு கூடினால் பிரிந்துவிடும், அவசரப்பட்டால் சேரவே சேராது. மோர்க்குழம்பு திரிந்துவிடாமல் அடுப்படியிலேயே நின்று பார்த்துக்கொள்ளும் கவனம் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை உடனே விளங்கும். இப்போது பலர் சட்டியை ஆட்டாமல் சின்ன வடிகட்டியால் கலக்குகிறார்கள், ருசியில் குறை இல்லை. பில்-பில் என்ற பெயர் எண்ணெய் கொப்புளிக்கும் சத்தத்திலிருந்து வந்தது என்பார்கள்.

முதல் வாயில் ஏமாற்றமாக இருக்கலாம், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். காரம் இல்லை, புளிப்பு இல்லை, தாளிப்பு வாசம் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மீனைத் தின்றுவிட்டுக் குழம்பை அப்படியே விட்டிருந்தேன். நண்பரின் அம்மா ஒன்றும் சொல்லாமல் ஒரு ரொட்டித் துண்டைப் பிய்த்து என் தட்டோரம் வைத்தார். குழம்பில் தோய்த்துத் தின்றபோதுதான் மீனின் ருசி முழுக்க அதில் இறங்கியிருப்பது தெரிந்தது. எந்தப் பொருளைச் சமைக்கிறார்களோ, அதற்குள்ளிருந்தே குழம்பை எடுப்பதுதான் இந்தச் சமையலின் குணம். வெளியிலிருந்து மசாலா தேடினால் கிடைக்காது. ரொட்டியால் தட்டை வழித்துத் தின்பதில் அங்கே யாருக்கும் கூச்சம் இல்லை, சமைத்தவருக்கு அதுதான் மரியாதை.

பாஸ்க் சமையலில் நாலு நிறக் குழம்பு என்று ஒரு கணக்கு உண்டு. வெள்ளை பில்-பில்தான். சிவப்பு ‘விஸ்காயினா’. சோரிசேரோ என்ற மிளகாயைக் கயிற்றில் கோத்து உலர்த்தி, ஊறவைத்து, தோலுக்கு உட்புறச் சதையை மட்டும் சுரண்டி எடுத்து, நன்றாக வதங்கிய வெங்காயத்தோடு அரைப்பார்கள். காரம் அறவே இல்லை, மெல்லிய இனிப்பும் புகைந்த மணமும் இருக்கும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலில் வந்த அதே செடிதான் நமக்கும் வந்து சேர்ந்தது. நாம் அதன் உறைப்பை எடுத்துக்கொண்டோம், அவர்கள் சதையை எடுத்துக்கொண்டார்கள். இந்தக் குழம்பில் தக்காளி சேர்க்கலாமா கூடாதா என்பது பில்பாவோவில் இன்றும் தீராத சண்டை. பச்சைக் குழம்பு பார்ஸ்லியும் பூண்டும் வெள்ளை வைனும் சேர்ந்தது. அதில் ஹேக் மீனும் மட்டியும் போடுவார்கள், மெனுவில் ‘மெர்லூசா’ என்று இருக்கும். கறுப்பு, கணவாய் மைக் குழம்பு. சின்னக் கணவாய்க்குள் அதன் கால்களையே வெங்காயத்தோடு அடைத்து, அதன் மையிலேயே வேகவைப்பார்கள், பெயர் ‘சிபிரோன்’. பக்கத்தில் கொஞ்சம் வெள்ளைச் சோறு வைக்கும் இடமும் உண்டு. நாலு நாள் சோறு பார்க்காமல் இருந்தால் அதைக் கேளுங்கள்.

மெனுவில் கொகோச்சா என்று பார்த்தால் விடாதீர்கள். ஹேக் அல்லது காட் மீனின் தாடைக்கு அடியில் இருக்கும் சின்னச் சதை அது. ஒரு மீனுக்கு ஒன்றே ஒன்றுதான், அதனால் விலை அதிகம். வழவழவென்று இருக்கும், பிடிக்காதவர்களும் உண்டு. எனக்கு மிகவும் பிடிக்கும்.

மாட்டிறைச்சி விஷயம் உங்களுக்குச் சுலபம், ஆனால் ஓர் இடத்தில் கவனம் வேண்டும். ‘சுலேத்தா’ என்பது வயதான பசுவின் எலும்போடு கூடிய பெரிய துண்டைக் கரியில் சுட்டது. பக்கத்து மேசைகளில் அது வந்துகொண்டே இருக்கும், பெயர் தெரிந்தால் போதும், தவிர்த்துவிடலாம். குழப்பம் வருவது சிவப்புக் குழம்பில். ‘கயோஸ்’, ‘மொர்ரோஸ்’ என்று மாட்டு இரைப்பையையும் மூக்குச் சதையையும் அதே விஸ்காயினாக் குழம்பில்தான் செய்வார்கள். விஸ்காயினா என்ற சொல்லைப் பார்த்ததும் கை காட்டிவிடாமல், முன்னால் ‘பக்கலாவோ’ இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் காட் மீன். ‘கரியேரா’ என்றால் கன்னச் சதை, அதுவும் பெரும்பாலும் மாடுதான். பன்றியும் வேண்டாம் என்றால் சிவப்புக் குழம்பில் ஹாம் சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள், சிலர் மணத்துக்குப் போடுவார்கள்.

உங்கள் மனைவிக்குத்தான் யோசித்துச் செய்ய வேண்டும். பழைய பாணி பாஸ்க் உணவகத்தில் சைவம் என்ற எண்ணமே இல்லை. இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் ஹாம் தூவிக் கொண்டுவந்து வைப்பார்கள், அது அவர்கள் கணக்கில் இறைச்சி இல்லை. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ‘நி கார்னே, நி பெஸ்காதோ, நி ஹமோன்’ என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: இறைச்சியும் வேண்டாம், மீனும் வேண்டாம், ஹாமும் வேண்டாம். முன்பதிவு செய்யும்போதே இதைச் சொல்லிவிட்டால் சமையலறையில் ஏதாவது செய்து வைப்பார்கள். அங்கே போய் நின்றுகொண்டு சொன்னால் கீரை இலைத் தட்டுதான் கிடைக்கும், அதிலும் டூனா மீன் இருக்கும்.

அவருக்கு நல்லதாகக் கிடைக்கக் கூடியவை இல்லாமல் இல்லை. கெர்னிகா மிளகாய் என்று சின்னப் பச்சை மிளகாயை முழுசாக எண்ணெயில் பொரித்துக் கல்லுப்புத் தூவித் தருவார்கள், உறைக்காது, ஒரு தட்டு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். நவார்ரா பக்கத்து வெள்ளைத் தண்ணீர்விட்டான் குருத்து, அதாவது அஸ்பாரகஸ், உண்டு. வசந்த காலத்தில் போகிறீர்கள் என்றால் ‘பெர்ரெச்சிகோ’ காளான், வாய்ப்புக் கிடைத்தால் விடக் கூடாத மணம் அது. முட்டை சாப்பிடுவார் என்றால் அதே காளானை முட்டையோடு கிளறியதும், உருளைக்கிழங்கு தோர்த்தியாவும் வயிறு நிறையும். கறுப்பு அவரை, முக்கியமாக தொலோசா ஊர் அவரை, வெண்ணெய்போல் குழைந்து வரும். ஆனால் அதைப் பெரும்பாலும் பன்றிச் சாசேஜோடு சேர்த்தே வேகவைப்பார்கள். தனியாக வெந்ததா என்று கேட்காமல் தொட வேண்டாம். லீக் தண்டும் உருளைக்கிழங்கும் போட்ட ‘பொர்ருசால்தா’ சூப் இருக்கிறது, அதில் காட் மீன் போடுபவர்களும் உண்டு. இன்னொன்று பலருக்குத் தெரியாது: இதியசாபல் என்ற புகழ்பெற்ற செம்மறியாட்டுப் பாலாடைக்கட்டியை ஆட்டுக்குட்டி இரைப்பையிலிருந்து எடுத்த நொதியால் உறைய வைப்பதுதான் வழக்கம். கறாரான சைவம் என்றால் இதையும் அவருக்குச் சொல்லிவிடுங்கள்.

நேரம், பணம் பற்றிச் சுருக்கமாக. மதியச் சமையல் ஒன்று, ஒன்றரைக்குத் தொடங்கி மூன்றரை வாக்கில் முடிந்துவிடும். இரவு ஒன்பதுக்குத்தான் கூட்டம் சேரும், ஏழு மணிக்குப் பசித்தால் பின்ச்சோதான் கதி. ஞாயிறு மதியம் குடும்பங்களால் நிரம்பி வழியும், முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். ஞாயிறு இரவும் திங்களும் பல இடங்கள் மூடியிருக்கும். வார நாள் மதியத்தில் ‘மெனு தெல் தியா’ என்று ஒரே விலையில் முதல் வகை, இரண்டாம் வகை, இனிப்பு, ரொட்டி, வைன் எல்லாம் சேர்த்துத் தருவார்கள், நகர் மையத்தில் பெரும்பாலும் 15 முதல் 25 யூரோ. உங்களுக்கு அலுவலக நாள் என்றால் இதுவே தாராளம். ஆனால் பில்-பில் அந்தப் பட்டியலில் தினமும் இருக்காது. மெனு அட்டையிலிருந்து தனித்தனியாகக் கேட்டால் ஆளுக்கு அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆகும். விலைக்குப் பதிலாக எஸ், எம் என்று இரண்டு எழுத்து இருந்தால் அன்றைய சந்தை விலை என்று அர்த்தம். விலை கேட்காமல் கொண்டுவரச் சொல்லிவிடாதீர்கள், முக்கியமாக ‘அங்குலா’ எனும் விலாங்குக் குஞ்சுகளை. முதல் வகையை இருவரும் பகிர்ந்துகொள்வதில் தப்பில்லை, அளவு பெரியது.

குடிப்பதற்கு, அந்த மண்ணின் ‘சக்கோலி’ என்ற புளிப்பான வெள்ளை வைன் பில்-பில்லுக்கு அப்படிப் பொருந்தும். எண்ணெய்ப் பசையை அறுத்துவிடும். மது வேண்டாம் என்றால் ‘மோஸ்தோ’ கேளுங்கள், திராட்சைச் சாறு. ஊர்க்காரர்களே குடிப்பதுதான், யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள்.

இந்தக் குழம்புகளை இவ்வளவு பேசிவிட்டு ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பாஸ்க் சமையல் என்றதும் ஆண்கள் கூடிச் சமைக்கும் ‘சொகோ’ சங்கங்களையும், 1970களில் புதிய பாஸ்க் சமையலைக் கொண்டுவந்த ஹுவான் மாரி அர்சாக் போன்ற சமையல்காரர்களையும் பற்றித்தான் எழுதுகிறார்கள். பல சொகோக்களில் பெண்கள் சமையலறைக்குள் நுழையவே நீண்ட காலம் அனுமதி இல்லை. ஆனால் உணவகத்தில் இந்தப் பதார்த்தங்களுக்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தவர்களில் பெண்கள் முன்னால் நிற்கிறார்கள். பில்பாவோவில் எல் அம்பாரோ என்ற உணவகத்தை நடத்திய அஸ்கராய் சகோதரிகள் மூவர், இன்னொரு பாஸ்க் நகரமான சான் செபாஸ்தியானில் 1912இல் தன் பெயரிலேயே உணவகம் திறந்த நிகோலாசா பிரதேரா ஆகியோரின் கைப்பக்குவம்தான் இன்று நீங்கள் பாரம்பரியம் என்று சாப்பிடப் போவதில் பெரும்பகுதி. மதியம் கூட்டம் குறைந்ததும் வயதான ஓர் அம்மா உள்ளேயிருந்து வந்து மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டு போனால், அவரிடம் ‘எஸ்கெர்ரிக் அஸ்கோ’ என்று நன்றி சொல்லுங்கள். வெளியூர்க்காரர் வாயில் பாஸ்க் மொழியைக் கேட்டால் அவர் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

கடைசியில் ‘மாமியா’ கேளுங்கள். செம்மறியாட்டுப் பாலை உறைய வைத்தது. தயிர் மாதிரி புளிக்காது, சீம்பால்போல் துண்டாக நிற்கும், மேலே தேன் ஊற்றிக்கொள்ள வேண்டும். மேய்ப்பர்கள் மரப்பாத்திரத்தில் பாலை ஊற்றி, நெருப்பில் பழுத்த கல்லை அதில் போட்டுக் காய்ச்சிய காலத்து லேசான தீய்ந்த வாசம் நல்ல மாமியாவில் இன்றும் இருக்கும். இதிலும் அதே ஆட்டுக்குட்டி நொதி சேர்வது வழக்கம் என்பதால் உங்கள் மனைவிக்கு வேறு இனிப்புச் சொல்லுங்கள். அக்ரூட் கொட்டையைப் பாலில் குறுக்கிய ‘இஞ்சவுர்சால்சா’ குளிர்காலத்தில் இருந்தால் அதுவே நல்லது.

சாப்பிட்டு முடித்ததும் பில் வராது. நீங்கள் கேட்கும் வரை கொண்டுவர மாட்டார்கள், கொண்டுவந்தால் எழுந்து போகச் சொல்வதாக ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் அவர்கள். காபி சொல்லிவிட்டுப் பேசிக்கொண்டிருங்கள், சுற்றிலும் எல்லோரும் அதைத்தான் செய்துகொண்டிருப்பார்கள். கிளம்பும்போது ‘கொந்துவா, மெசெதெஸ்’ என்று கேட்டால் பில் வரும். டிப்ஸ் கட்டாயமில்லை, சில்லறையை வைத்துவிட்டு வரலாம்.

எந்த மாதம் போகிறீர்கள் என்று எழுதுங்கள். அந்தப் பருவத்தில் சந்தைக்கு என்ன காளான், என்ன மீன் வரும் என்று பார்த்து, உங்கள் இருவருக்கும் என்ன கேட்கலாம் என்று சொல்கிறேன்.